அப்பாவோட ஒரு பழைய இங்கிலாந்து ஃபுட்பால் மைதானம் பார்க்கணும், எங்க போலாம்?

மிட்லண்ட்ஸ்_மணி

எல்லாருக்கும் வணக்கம். நான் பர்மிங்ஹாம்ல வேலை பார்க்கறேன், மூணு வருஷம் ஆச்சு. சீக்கிரமே அப்பா வந்து ஆறு வாரம் எங்க கூட தங்கப் போறார், 68 வயசு. காலேஜ் டீம்ல லெஃப்ட் அவுட் (இடது ஓரத்து முன்வரிசை) ஆடினவர், இன்னைக்கும் டிவில மேட்ச் ஓடுச்சுன்னா ரிமோட்ட யார் கைலயும் குடுக்க மாட்டார். "அங்க வந்தா ஒரு தடவையாவது உள்ள போய் உக்காந்து பார்த்துரணும்டா"ன்னு போன்ல நாலு தடவ சொல்லிட்டார், வாய் விட்டு எதுவும் கேக்கற ஆள் இல்ல அவரு, அதனால இத எப்படியாவது ஒழுங்கா பண்ணிக் குடுத்துரணும்னு இருக்கேன்.

போன வருஷம் ஃப்ரெண்ட்ஸோட லண்டன்ல வெம்ப்ளி மைதானம் டூர் போனேன். பிரமாண்டம்தான், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அப்பா கிட்ட ஃபோட்டோ அனுப்பினா, "அந்த ரெட்டை கோபுரம் எங்கடா"ன்னு தான் முதல்ல கேட்டார். அதெல்லாம் 2003-லயே இடிச்சுட்டாங்கப்பா, இப்ப நிக்கறது 2007-ல தொறந்ததுன்னு சொன்னதும் அந்தப் பேச்ச அப்படியே விட்டுட்டார். அப்ப இருந்து மனசுல ஒண்ணு தோணுது, இவருக்கு காட்ட வேண்டியது பழசா இருக்கற ஒரு இடம்.

என் லிஸ்ட்ல லிவர்பூல் டீமோட ஆன்ஃபீல்ட், மான்செஸ்டர் யுனைடெட்டோட ஓல்ட் டிராஃபர்ட், லண்டன்ல ஃபுல்ஹாம் டீமோட கிரேவன் காட்டேஜ் மூணும் இருக்கு. எனக்குக் கிடைக்கறது ஒரே ஒரு சனிக்கிழமை. டூர் போறதா மேட்ச் பார்க்கறதா? அப்பாக்கு முட்டி வலி வேற இருக்கு, ரொம்ப படி ஏற முடியாது. போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

நதியோரம்

மணி தம்பி, கண்ண மூடிக்கிட்டு கிரேவன் காட்டேஜ் போங்க. நான் ஹாமர்ஸ்மித் பக்கம் பல வருஷமா இருக்கேன், ஃபுல்ஹாம் ஆட்டம் எத்தனை பார்த்திருப்பேன்னு கணக்கே இல்ல, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க.

முதல்ல பேர்ல இருந்தே ஆரம்பிக்கறேன். காட்டேஜ்னா வீடுதானே, நெஜமாவே அங்க ஒரு வீடு இருந்துச்சு. 1780-ல கிரேவன் பிரபு தேம்ஸ் ஓரமா கட்டினது, 1888-ல தீப்பிடிச்சு அழிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் செடி கொடி மண்டிக் கெடந்த அந்த நிலத்தத்தான் ஃபுல்ஹாம் கிளப் எடுத்து சரி பண்ணி 1896-ல இருந்து ஆட ஆரம்பிச்சாங்க. இப்ப மைதானத்தோட ஒரு மூலைல பால்கனி வச்சு வீடு மாதிரி நிக்குதே, நிறைய பேர் அதுதான் அந்தப் பழைய வீடுன்னு நெனச்சுக்கறாங்க, அது இல்ல. இது 1905-ல ஆர்ச்சிபால்ட் லீச் கட்டினது. டிரெஸ்ஸிங் ரூம் எல்லாம் அந்த வீட்டுக்குள்ளதான் இருக்கு. அதனால மத்த மைதானம் மாதிரி ஸ்டாண்டு (ஜனங்க உக்கார்ற பகுதி) நடுவுல இருந்து டீம் வராது, மூலைல இருக்கற அந்த வீட்டு வாசல்ல இருந்து எறங்கி வருவாங்க. மேல பால்கனில ஆடறவங்களோட குடும்பத்து ஆளுங்க நின்னு பார்ப்பாங்க. முதல் தடவ பார்க்கறப்போ யாரோ வீட்ட விட்டு வெளில வந்து பக்கத்து வயல்ல ஆடப் போற மாதிரியே இருக்கும்.

லீச் பத்தி அப்பாக்கு கண்டிப்பா சொல்லுங்க. கிளாஸ்கோக்காரர், தொழில் இன்ஜினியர். 1902-ல ஐப்ராக்ஸ் மைதானத்துல அவர் போட்ட மரத்தட்டு மேட்ச் நடக்கறப்பவே ஒடஞ்சு 25 பேர் செத்துப் போனாங்க. அதோட தொழில் முடிஞ்சிருக்கணும், ஆனா மனுஷன் மேல மேல கத்துக்கிட்டு ஓல்ட் டிராஃபர்ட், குடிசன் பார்க், ஹைபரி, வில்லா பார்க், வைட் ஹார்ட் லேன்னு பாதி இங்கிலாந்துக்கு மைதானம் கட்டினார். இன்னைக்கு அதுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க. உங்க ஊர்லயே, வில்லா பார்க்ல அவர் கட்டின ட்ரினிட்டி ரோடு ஸ்டாண்ட 2000-ல இடிச்சாச்சு. வைட் ஹார்ட் லேன் முழுசா போச்சு. ஹைபரில இப்ப ஆளுங்க குடியிருக்காங்க. ஓல்ட் டிராஃபர்ட்ல 1910-ல இருந்து நிக்கறதுன்னா அந்தப் பழைய டனல்தான், மீதில நிறைய 1941-ல ஜெர்மன்காரங்க குண்டு போட்டதுல நாசமாயிருச்சு. குடிசன்ல எவர்டன் ஆம்பளைங்க டீம் 2025 மே மாசம் கடைசி ஆட்டம் ஆடிட்டு புது மைதானத்துக்குப் போயிட்டாங்க, இப்ப பொம்பளைங்க டீம் அங்க ஆடுது.

ஆனா கிரேவன் காட்டேஜ்ல ஸ்டீவனேஜ் ரோடு பக்கம் லீச் 1905-ல கட்டின ஸ்டாண்டு அப்படியே நிக்குது, இப்ப அதுக்கு ஜானி ஹெய்ன்ஸ் ஸ்டாண்டுன்னு பேர். 1987-ல இருந்து பாதுகாக்கப்பட்ட கட்டடம், அந்தக் குட்டி வீடும் சேர்த்து, நெனச்ச மாதிரி இடிக்க முடியாது. வெளில இருந்து பார்த்தா செங்கல் சுவர், வரிசையா ஜன்னல், எதிர்ல இருக்கற குடியிருப்பு வீடுங்களோட வரிசைல இதுவும் ஒண்ணுன்னு தாண்டிப் போயிருவீங்க. உள்ள போனா மரச்சீட்டு. மரத்தரை. மடக்குற சீட்டு, பின்பக்கம் பெயிண்ட்ல நம்பர் எழுதியிருக்கும். கோல் விழுந்தா எல்லாரும் ஒண்ணா கால தரைல ஒதப்பாங்க பாருங்க, அந்தச் சத்தம் காங்கிரீட் ஸ்டாண்டுல எங்கயும் வராது, கால் வழியா ஏறி முதுகு வரைக்கும் வரும். உங்க அப்பா மாதிரி ஆடின மனுஷன் அந்த சீட்ல உக்காரணும் தம்பி.

கோப்_ரசிகன்

நதியோரம் அண்ணா சொன்னதுல தப்பு இல்ல, ஆனா ஆன்ஃபீல்ட இப்படி ஒதுக்கறத என்னால ஒத்துக்க முடியல. வரலாறுன்னு பேச ஆரம்பிச்சா அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும். 1884-ல தொறந்தப்போ அது எவர்டன் மைதானம். வாடகைத் தகராறுல 1892-ல எவர்டன் வெளிய போயிட்டாங்க, மைதானம் மட்டும் கைல காலியா நின்னதால அதோட சொந்தக்காரர் ஜான் ஹோல்டிங் புதுசா ஒரு கிளப் ஆரம்பிச்சார், அதுதான் லிவர்பூல். மைதானம் முன்னாடி வந்து டீம் பின்னாடி வந்த இடம் அது. அங்க ஒரு கோல் போஸ்டுக்குப் பின்னாடி இருக்கற கோப் ஸ்டாண்டுக்கு அந்தப் பேர் வந்ததே தென்னாப்பிரிக்கால 1900-ல போயர் போர் நடந்த ஸ்பியான் கோப் மலைனாலதான்.

இன்னொண்ணு, டூர் போறவங்க பாதிப் பேர் கவனிக்கவே மாட்டாங்க. கோப் மூலைல வெளில ஒரு கொடிக்கம்பம் நிக்கும். அது கிரேட் ஈஸ்டர்ன் கப்பலோட பாய்மரம். அட்லாண்டிக்ல தந்திக் கேபிள் போட்டுச்சே, அதே கப்பல், 1870-ல பம்பாய்க்கும் ஏடனுக்கும் நடுவுல கேபிள் போட்டதும் அதுதான். கப்பல மெர்சி ஆத்தோரம் ஒடச்சப்போ அந்த மரத்த வாங்கி குதிரைங்கள வச்சு இழுத்துட்டு வந்து நட்டாங்க. டிக்கெட் கூட வேணாம், வெளில நின்னே பார்க்கலாம். மெயின் ஸ்டாண்டு பக்கம், 1989-ல ஹில்ஸ்பரோ மைதான நெரிசல்ல செத்துப் போன 97 லிவர்பூல் ரசிகர்களோட பேர் பொறிச்ச நினைவிடம். அங்க நின்னுட்டு வராம லிவர்பூல்ல இருந்து திரும்பாதீங்க.

பர்மிங்ஹாம்ல இருந்து ட்ரெயின்லயும் லிவர்பூல் கிட்டத்தான்.

பழைய_டிக்கெட்

ரெண்டு பேரும் அருமையா எழுதிட்டீங்க, நான் டிக்கெட் கதை மட்டும் சொல்றேன், ஏன்னா இங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க.

ஆன்ஃபீல்ட்ல லீக் மேட்ச் டிக்கெட் வெளி ஆளுக்கு நேரடியா கெடைக்கறது குதிரைக் கொம்பு. மெம்பர்ஷிப் எடுத்து, அதுக்கப்புறம் குலுக்கல், அதுலயும் விழும்னு உறுதி இல்ல. ஒரே ஒரு சனிக்கிழமைய நம்பி இருக்கறவர் அத நம்பி உக்கார முடியாது. கோப்_ரசிகன் சொன்ன மாதிரி டூர் போலாம், அது வேற. ஃபுல்ஹாம்ல இடம் 30,000-க்கு கொஞ்சம் கம்மிதான், ஆனா லண்டன்ல மத்த டீமுங்கள விட அங்க கெடைக்க வாய்ப்பு அதிகம். பெரிய டீம் வர்ற நாள விட்டுருங்க. விலையும் அந்த நாள்ல எங்கயோ போயிருது, ஃபுல்ஹாம் ரசிகர்களே சில வருஷமா விலை ஏத்தத்த எதிர்த்து மைதானத்துலயே அட்டை தூக்கிக் காமிச்சுட்டு இருக்காங்க, அவங்க கோபம் நியாயம்தான்னு நான் சொல்லுவேன். நடுத்தர டீம் வர்ற நாள் பாருங்க.

வாங்கறது கிளப்போட சொந்தத் தளத்துல மட்டும். இங்கிலாந்துல ஃபுட்பால் டிக்கெட்ட அனுமதி இல்லாம மறுபடி விக்கறது 1994-ல இருந்து சட்டப்படியே குத்தம், வேற எந்தக் கச்சேரிக்கும் ஆட்டத்துக்கும் இப்படி கெடையாது, ஃபுட்பாலுக்கு மட்டும் தனியா சட்டம். நான் புதுசா வந்தப்போ இது தெரியாம ஒரு மறுவிற்பனைத் தளத்துல ரெண்டு டிக்கெட் வாங்கினேன், கேட்ல ஸ்கேன் பண்ணா செவப்பு லைட். கூட வந்தவர் முன்னாடி அப்படி நின்னது இன்னும் மறக்கல. அப்பாவ கூட்டிட்டு வந்துட்டு அந்த நிலைமை உங்களுக்கு வரவே கூடாது.

இன்னும் ரெண்டு விஷயம். ஃபிக்ஸ்சர்ல (ஆட்ட அட்டவணைல) சனிக்கிழமை 3 மணின்னு இருந்தா உடனே ட்ரெயின் புக் பண்ணிராதீங்க, டிவிக்காக ஞாயிறு, திங்கள்னு மாத்துவாங்க, அந்த டிவி லிஸ்ட் வெளில வந்த அப்புறம் புக் பண்ணுங்க. சனி 3 மணி மேட்ச் இந்த நாட்ல டிவில காட்ட மாட்டாங்க, அதனால அந்த நேரத்துக்கு ஒரு ஆட்டம் உறுதியாச்சுன்னா இந்த நாட்ல அது உள்ள உக்காந்து இருக்கறவங்களுக்கு மட்டும்தான், அப்பா கிட்ட அதையும் சொல்லுங்க. ரெண்டாவது, டிக்கெட் ஃபோன்லதான் வரும், சார்ஜ் ஃபுல்லா வச்சுக்கோங்க, பெரிய பை எடுத்துட்டுப் போகாதீங்க, ஏ4 சைஸுக்கு மேல இருந்தா வாசல்லயே நிறுத்திருவாங்க.

மிட்லண்ட்ஸ்_மணி

இவ்வளவு எழுதுவீங்கன்னு நெனக்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோப்_ரசிகன், அந்தக் கப்பல் பாய்மரம் விஷயம் அப்பா கிட்ட நேத்தே சொல்லிட்டேன், அவர் போஸ்ட் ஆபீஸ்ல தந்திப் பிரிவுல வேலைக்குச் சேர்ந்தவர், அப்படியே ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு "அந்த மரத்தயா நட்டு வச்சிருக்கான்"னு கேட்டார். அதனால ஒரு வார நாள் லீவு போட்டு லிவர்பூல் டூர் கூட்டிட்டுப் போயிடறேன், மேட்ச் கிரேவன் காட்டேஜ்.

இப்ப என் சந்தேகம், அந்த மரச்சீட்டுக்கு எவ்வளவு படி? முட்டி வலிக்கு சரிப்படுமா? நாங்க ஃபுல்ஹாம் ரசிகர்களும் கெடையாது, நடுவுல போய் உக்காந்தா ஒரு மாதிரி பார்ப்பாங்களா?

கோமதி_லண்டன்

மணி, நான் போன சீசன்தான் எங்க அப்பாவ கூட்டிட்டுப் போனேன், அவருக்கு 71, அவருக்கும் முட்டிதான் பிரச்சினை. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

ஜானி ஹெய்ன்ஸ் ஸ்டாண்டுல முன்பக்கம் கீழ இருக்கறது பிளாஸ்டிக் சீட்டு, மரச்சீட்டு பின்பக்கம் மேல. படி ஏறணும், லிஃப்ட்டெல்லாம் எதிர்பார்க்காதீங்க, 1905 கட்டடம். அப்பாவ நான் மேட்ச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே உள்ள கூட்டிட்டுப் போயிட்டேன், கூட்டம் இல்லாதப்போ ஒவ்வொரு படியா கைப்பிடி பிடிச்சு நிதானமா ஏறிட்டார். வரிசைல நடக்கறப்போ முட்டி இடிக்கும், அந்தக் காலத்து ஆளுங்க அளவுக்கு போட்ட சீட்டு, அதனால ஓரத்து சீட்டா பார்த்து எடுங்க, கால வெளில நீட்டிக்கலாம். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், கூரையத் தாங்கற இரும்புத் தூண் வரிசையா நிக்குது. எனக்குக் கெடைச்ச சீட்ல இருந்து பார்த்தா ஒரு பக்கத்து கோல் போஸ்ட்ல பாதிய தூண் மறைச்சுது, ஒவ்வொரு கார்னருக்கும் நான் இப்படி அப்படி சாஞ்சு சாஞ்சு பார்த்தேன். டிக்கெட் எடுக்கறப்போ பார்வை மறைக்கும்னு போட்டிருக்கா பாருங்க. கேட்டும் குறுகல், பழைய இரும்புச் சுழல் கேட், உடம்ப பக்கவாட்டுல திருப்பித்தான் போனேன், அப்பாக்கு அங்க நின்ன பணியாள் பக்கத்துல இருந்த பெரிய கதவத் தொறந்து விட்டார், தயங்காம கேளுங்க.

ரசிகர் விஷயம் பயப்படவே வேணாம். ஒரு கோல் போஸ்டுக்குப் பின்னாடி இருக்கற பட்னி எண்ட் ஸ்டாண்டு பக்கம் வெளியூர் ரசிகர்களுக்கும் அவங்க பக்கத்துல எந்த டீமும் இல்லாதவங்களுக்கும் இடம் விட்டிருந்தாங்க நாங்க போனப்போ. ஹெய்ன்ஸ் ஸ்டாண்டுல உக்காந்தா வந்த டீமோட ஜெர்சி மட்டும் போடாதீங்க, அது எந்த மைதானத்துலயும் ஆகாது. எங்களுக்கு முன்வரிசைல ஒரு வயசான வெள்ளைக்காரர், ஃப்ளாஸ்க்ல டீ கொண்டு வந்திருந்தார், அவரோட தாத்தா காலத்துல இருந்து இதே வரிசையாம். எங்க அப்பாக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது, அவருக்கு தமிழ் சுத்தமா தெரியாது, ஆனா பாதி ஆட்டத்துக்கு மேல ரெண்டு பேரும் கைய காமிச்சு காமிச்சு ஆஃப்சைடு பத்தி பேசிட்டு இருந்தாங்க.

முடிஞ்சு கெளம்பறப்போ அப்பா அந்த சீட்ட ஒரு தடவ மடக்கி, திருப்பி எறக்கி, மறுபடி மடக்கி வச்சார். ஏன்ப்பான்னு கேட்டேன். "கீல் எப்படி இருக்குன்னு பார்த்தேன்"ன்னார். அவரு தச்சு வேலை பார்த்தவர்.

நதியோரம்

கோமதி நீங்க எழுதினத படிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டேன்.

மணி, போறதுக்கு முன்னாடி அப்பாக்கு ரெண்டு பேர் கதை சொல்லி வச்சிருங்க, அப்பத்தான் அந்த இடம் அவருக்குப் பேசும். வாசல்ல ஒரு சிலை நிக்கும், ஜானி ஹெய்ன்ஸ். 1952-ல இருந்து 1970 வரைக்கும் ஃபுல்ஹாமுக்கு மட்டும் 658 ஆட்டம், இங்கிலாந்து கேப்டன். அந்தக் காலத்துல இந்த நாட்ல எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. 50,000 பேர் காசு குடுத்து உள்ள வருவாங்க, ஆடறவனுக்கு 20 பவுண்டு. அத எதிர்த்து ஆட்டக்காரர் சங்கத்தத் தலைமை தாங்கி நடத்தி 1961-ல ஒடச்சது ஹெய்ன்ஸ் கூட இதே டீம்ல ஆடின ஜிம்மி ஹில். ஒடஞ்ச உடனே வாரம் 100 பவுண்டு வாங்கின முதல் ஆள் ஹெய்ன்ஸ்.

அதே ஜிம்மி ஹில்தான் 1987-ல திரும்பவும் வர்றார். அப்ப ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி கைல கிளப்பு, ஃபுல்ஹாமையும் இன்னொரு லண்டன் டீம் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸையும் ஒண்ணாக்கிட்டு ஆத்தோர நிலத்துல ஃபிளாட் கட்டிரலாம்னு திட்டம். தேம்ஸ் ஓரத்துல நிலம் என்ன விலை போகும்னு சொல்லவே வேணாம். ரசிகர்கள் எதிர்த்து எறங்கினாங்க, ஹில் ஆள் சேர்த்து கிளப்ப காப்பாத்தினார். அதுக்கப்புறமும் மைதானம் கைக்கு முழுசா வர பத்து வருஷம் ஆச்சு. உங்க அப்பா உக்காரப் போற சீட்டு இருக்கறதே அவங்க விடாம நின்னதாலதான்.

இதுல இன்னொரு வேடிக்கையான திருப்பமும் இருக்கு. 1904-05 வாக்குல, ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ்ங்கற பக்கத்து மைதானத்தோட சொந்தக்காரங்க அத வாடகைக்கு எடுத்துக்கோங்கன்னு முதல்ல ஃபுல்ஹாமத்தான் கேட்டாங்க, வருஷம் 1,500 பவுண்டு. அப்ப ஃபுல்ஹாம நடத்திட்டு இருந்த ஹென்றி நாரிஸ் வேணாம்னுட்டார். அப்ப இந்த மைதானத்துக்குன்னே ஒரு டீம் ஆரம்பிச்சுக்கறோம்னு அவங்க ஆரம்பிச்சதுதான் செல்சி. ரெண்டு மைதானத்துக்கும் நடுவுல ரெண்டு மைல் கூட இருக்காது.

எனக்கு மறக்காத ராத்திரின்னா 2010 மார்ச் 18. ஐரோப்பிய கிளப்புங்க ஆடற யூரோப்பா லீக், எதிர்ல இத்தாலியோட யுவென்டஸ். அங்க போய் 3-1 தோத்துட்டு வந்திருந்தோம், இங்க ரெண்டாவது நிமிஷமே அவங்க ட்ரெசகே கோல் போட்டுட்டார், ரெண்டு ஆட்டமும் சேர்த்து மொத்தக் கணக்குல அவங்களுக்கு 4-1. பக்கத்துல இருந்தவர் கோட்ட எடுத்துப் போட்டுக்கிட்டு கெளம்பப் பார்த்தார். அப்புறம் எங்க ஸமோரா ஒண்ணு, அவங்க கன்னவாரோக்கு செவப்பு அட்டை, எங்க கேரா ரெண்டு, கடைசில 82-வது நிமிஷம் டெம்ப்சி பாக்ஸ் ஓரத்துல இருந்து பந்த கோல்கீப்பர் தலைக்கு மேல சும்மா தூக்கி விட்டார் பாருங்க, அது எறங்கி வர்றதுக்குள்ள அந்த மரத்தரைல யார் காலும் இல்ல. மொத்தத்துல 5-4, ஜெயிச்சது நாங்க. அந்த வருஷம் ஹாம்பர்க்ல ஃபைனல் வரைக்கும் போய் அட்லெட்டிகோ மாட்ரிட் கிட்ட கூடுதல் நேரத்துல தோத்தோம்.

போற வழி: டிஸ்ட்ரிக்ட் லைன்ல பட்னி பிரிட்ஜ்ல எறங்குங்க. ரோட்டுப் பக்கம் போகாதீங்க, பிஷப்ஸ் பார்க் உள்ள நொழைஞ்சு ஆத்தோரமாவே நடங்க, ஒரு பக்கம் பெரிய பெரிய மரங்க, ஒரு பக்கம் தேம்ஸ், துடுப்புப் படகுங்க போயிட்டே இருக்கும், ரெண்டு டீம் ஆளுங்களும் கலந்துதான் நடப்பாங்க. சாதாரணமா 15 நிமிஷம், அப்பாவோட 25 வச்சுக்கோங்க, வழி நெடுக பெஞ்சு இருக்கு, எல்லாம் சமதரை. மரங்க முடியற எடத்துல ஃப்ளட்லைட்டு தெரியும். எதிர்ப்பக்கம் ஆத்த ஒட்டி நிக்கற ரிவர்சைடு ஸ்டாண்டு புதுசு, அதுக்கு மேல நீச்சல் குளம் வரைக்கும் கட்டியிருக்காங்க, எனக்கு அதுல பெரிய இஷ்டம் இல்ல, ஆனா ஹெய்ன்ஸ் ஸ்டாண்டுல உக்காந்தா நேர் எதிர்ல அதுதான் தெரியும், தூண் மறைக்காத வரைக்கும்.

மிட்லண்ட்ஸ்_மணி

டிவி லிஸ்ட் வந்துருச்சு, சனிக்கிழமை 3 மணி அப்படியே நிக்குது. கிளப் தளத்துல ஹெய்ன்ஸ் ஸ்டாண்டு, மரச்சீட்டு, ஓரத்துல ரெண்டு எடுத்துட்டேன். பார்வை மறைக்கும்னு எதுவும் போடல. கோமதி அக்கா, ரொம்ப நன்றி, நீங்க சொல்லலன்னா நடுவரிசைலதான் எடுத்திருப்பேன்.

திரும்பறப்போ ஸ்டேஷன்ல கூட்டம் எப்படி? அப்பாவ வச்சுக்கிட்டு நெரிசல்ல நிக்கணுமா?

பழைய_டிக்கெட்

பட்னி பிரிட்ஜ் சின்ன ஸ்டேஷன், ஆட்டம் முடிஞ்ச உடனே போனா வெளில ரோடு வரைக்கும் வரிசை நிக்கும். அவசரப்படாதீங்க. விசில் ஊதினதும் எந்திரிக்காம அந்த சீட்லயே ஒரு கால் மணி நேரம் உக்காருங்க, படியும் காலியாயிரும். அப்புறம் பார்க்ல ஒரு பெஞ்சு பார்த்து இன்னொரு கால் மணி நேரம். அதுக்கப்புறம் ட்ரெயின்ல அப்பாக்கு உக்கார இடமே கெடைச்சுரும்.